கையை ஒளித்த பொம்மைகள்

"எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார் சார். டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து சின்னச் சின்ன பொம்மையா செய்வார். ஐந்நூறு பொம்மை இருக்கும். ஒண்ணுகூடக் கடையில வாங்கினது கிடையாது" என்றார் நங்கநல்லூர் நண்பர். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற பொம்மையை ஒருவர் எதற்காக மெனக்கெட்டுச் செய்ய வேண்டும்? ஐந்நூறு என்ற கணக்கும் எனக்கு உறுத்தியது. போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

அவர் வரச் சொன்னது மாலை நாலு மணிக்கு. காலைப் பொழுது சும்மா இருந்ததால், கடைப் பொம்மை எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்கக் கொசப்பேட்டைக்குப் போனேன். எழும்பூரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் 100 ரூபாய் வாங்கினார். ஆடிக் கடைசி. பிள்ளையார் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் சேர்த்து வேலை நடக்கிற காலம். வாசல்தோறும் பொம்மைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஈரமண் வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின.

ஒரு திண்ணையில் நின்று பார்த்தேன். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் களிமண்ணை அழுத்தி, ஒன்றோடொன்று பொருத்தி, கொஞ்ச நேரம் கழித்துப் பிரிக்கிறார்கள். ஓரத்தில் பிதுங்கிய மண்ணைச் சீவி, ஈரத்துணியால் தடவி, நிழலில் வைக்கிறார்கள். அடுத்த வீட்டு வாசலில் காகிதக் கூழ்ப் பொம்மைகள். தூக்கினால் இறகு மாதிரி இருந்தன. கடைக்காரர் "எல்லாமே களிமண்தான் சார்" என்றார். ஆனால் கீழ்த்தட்டில் இருந்த செட்டியார் பொம்மையின் காலடி மூளியாகி, உள்ளே சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. பிளாஸ்டர். ஆறு அங்குலப் பூக்காரி 150 ரூபாய், கல்யாண செட் 1,400 ரூபாய் என்றார்.

எனக்கு அங்கே பிடித்தது கண் எழுதும் வேலை. உடம்புக்கும் புடவைக்கும் ஸ்ப்ரே கன் அடித்து முடித்த பூக்காரிகள் பலகையில் வரிசையாக நிற்க, ஒரு பெண் மெல்லிய பிரஷால் கண் எழுதிக்கொண்டே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்தேன். பத்துப் பொம்மைகளுக்கு ஏழு நிமிடம். புருவம், இமைக்கோடு, விழி என்று ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு. தவறவே இல்லை. "கண்ணு கடைசிலதான் திறக்கணும்" என்றார், தலை நிமிராமல். பத்து முகமும் அச்சடித்தாற்போல ஒன்று. அச்சடித்ததுதானே!

எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் பழவந்தாங்கலுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடம் நடந்தேன். வழியில் ஆஞ்சநேயர் கோயில். ஒரே கல்லில் வடித்த 32 அடி அனுமனை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நாலு அங்குலப் பொம்மை செய்பவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

மாடிப்படி ஏறியதும் மொட்டை மாடி ஓரமாக ஓர் அறை. எட்டடிக்குப் பத்தடி இருக்கும். ஜன்னலை ஒட்டி மேசை, அதன்மேல் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, ஐந்து தட்டுகள். "வாங்க தம்பி, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று மின்விசிறியைப் போடப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். "மேல ஃபேன் போட்டா பெயிண்ட் காஞ்சுடும். நீங்க இப்படி ஜன்னல் பக்கமா உட்காருங்க." எழுபத்திரண்டு வயது. கை நடுக்கம் இல்லை. கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி.

முதல் வேலையாக, எண்ணட்டுமா என்று கேட்டேன். "தாராளமா. முந்நூறு இருக்கும்" என்றார். தட்டுத் தட்டாக எண்ணினேன். சந்தேகத்துக்கு இரண்டாம் முறையும் எண்ணினேன். 217. அவற்றில் மூன்று கொசப்பேட்டைப் பொம்மைகள் என்று காலையில் பார்த்த பழக்கத்தில் உடனே தெரிந்தது. அதே அச்சு மூக்கு. கேட்டதும் சிரித்தார். "அதுலதான் பெயிண்ட் அடிச்சுப் பழகினேன். கடைப் பெயிண்டைச் சுரண்டிட்டு, மேல என் கலர்." ஆக, அவர் கையால் செய்தவை 214. நண்பர் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனாலும் 214 என்பது எண்ணி முடித்த எனக்கே கை வலிக்கிற எண்.

தட்டில் சாமி பொம்மை குறைவு. இஸ்திரி வண்டிக்காரர், தபால்காரர், குடுகுடுப்பைக்காரர், கம்பத்தில் ஏறும் டெலிபோன் லைன்மேன், பம்புசெட்டில் குளிக்கும் பையன், தலையில் கூடை வைத்த கீரைக்காரி. நவராத்திரிக்குக் கீழ்ப்படியில் ஒரு தெருவே வைப்பாராம். கையில் இருந்த ஸ்கேலால் அளந்தேன். நிற்கிற ஆள் எல்லாம் பத்து சென்டிமீட்டர், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய. அதாவது ஐந்தரை அடி மனிதரைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. அந்தக் கணக்குக்குத் தலை 13 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். எல்லாத் தலையும் 15, 16 இருந்தது. "தெரிஞ்சுதான் பெரிசாப் பண்றேன். கொலு பார்க்க வர்றவங்க ஆறடி தள்ளி நிப்பாங்க. சரியான அளவுல தலை வச்சா, ஊசிமுனை மாதிரி இருக்கும்." சிற்ப சாஸ்திரத்தில் பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலப் பங்கு என்று கணக்கு உண்டு, முகத்தின் நீளம்தான் தாளம் என்ற அலகு. இவர் தெரு மனிதர்களுக்குத் தனிக்கணக்கு வைத்திருக்கிறார்.

அன்று மேசையில் மூன்று பொம்மைகள் மூன்று நிலையில் இருந்தன. ஒரே மாலையில் முழு வேலையையும் பார்க்க அது வசதியாகப் போயிற்று.

முதலாவது வெறும் கம்பி. பழைய டெலிபோன் கேபிளை உரித்து எடுத்த செம்புக்கம்பி. மூன்று நான்கு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் முதுகெலும்பு, இரண்டு இழை கைக்கும் காலுக்கும். "எலும்பு" என்றே சொல்கிறார். எலும்பை வளைத்ததும் ஆளின் தன்மை தெரிந்துவிடுகிறது. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, ஒரு தோளைத் தாழ்த்தினார். கம்பிதான், ஆனாலும் குடம் தூக்கிய பெண் என்று எனக்குப் புரிந்தது.

சதைக்கு எம்-சீல். குழாய் ஒழுகினால் அடைப்போமே, அதுதான். வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் விசாரித்திருந்தேன், சின்ன பாக்கெட் 30 ரூபாய். இரண்டு துண்டுகளைச் சம அளவில் கிள்ளி, நிறம் ஒன்றாகும்வரை பிசைகிறார். கையில் மெல்லிய உறை. ஆரம்பத்தில் வெறுங்கையால் பிசைந்து விரலெல்லாம் அரித்துத் தோல் உரிந்ததாம். பிசைந்த பிறகு அரைமணி, முக்கால் மணிதான் வளைந்துகொடுக்கும், அப்புறம் இறுகத் தொடங்கிவிடும். அதனால் ஒரு தடவைக்கு நெல்லிக்காய் அளவுகூடப் பிசைவதில்லை. ஒரு நாள் கால், மறுநாள் உடம்பு, அதற்கு மறுநாள் முகம். இறுகியதன்மேல் அடுத்த அடுக்கு ஏறுவதால், இன்றைக்குக் கை பட்டு நேற்றைய வேலை கெடாது. கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஈர்க்குச்சி, ஊக்கு, பல் டாக்டர் கழித்துப்போட்ட ஒரு கொக்கி, கிண்ணத்தில் தண்ணீர். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. புடவை மடிப்பை ஈர்க்குச்சியால் அழுத்தி அழுத்திக் கொண்டுவந்ததைப் பார்க்க, கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடிக்கிற கை ஞாபகம் வந்தது.

இரண்டாவது பொம்மை முழுசாக இறுகி, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளைப் பூச்சு அடித்து ஒரு மாத்திரை டப்பாவின் மூடிமேல் ஒட்டவைக்கப்பட்டிருந்தது. டப்பாவைப் பிடித்துக்கொண்டால் பொம்மையைத் தொடாமல் எந்தப் பக்கமும் திருப்பலாம். பூக்காரர் ஒருவர், சைக்கிளைப் பிடித்தபடி. வண்ணம் வைக்கிற தட்டைப் பார்த்துத்தான் எனக்கு ஆச்சரியம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். உள்ளே நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், பேப்பர்மேல் பொட்டுப் பொட்டாக அக்ரிலிக். "நம்ம ஊர் சூட்டுக்கு அஞ்சு நிமிஷத்துல காஞ்சு தோலாயிடும். கீழ ஈரம் இருந்தா ரெண்டு மணி நேரம் தாங்கும். மூடி வச்சா நாளைக்கும் ஆகும்."

முகத்தை எடுத்தார். கொசப்பேட்டையில் கேட்டது நினைவுக்கு வந்து, "கண் கடைசியில்தானே?" என்றேன். "ஆமா, கண் திறக்கறது எப்பவும் கடைசி" என்றார். சொல்லிவிட்டு முதலில் கண்ணைத்தான் எழுதினார். கண் குழியில் கருப்புக் கோடு, அதற்குள் வெள்ளைப் புள்ளிகள், நடுவில் மேலிமையைத் தொட்டபடி ஒரு கருவிழி. அதற்கப்புறம்தான் சுற்றிலும் தோல் நிறம். சுட்டிக்காட்டியதும் பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சாமிக்குக் கடைசில. மனுஷனுக்கு முதல்ல. கண் கோணினா தோல் கலரால திருத்திக்கலாம் பாருங்க. கடைசில எழுதிக் கோணினா முகமே போச்சு." ஏழு நிமிடத்தில் பத்து முகம் எழுதுகிறவருக்குத் திருத்தம் தேவையில்லை. தெருப்பெயர் தெரியாமல் வீடு தேடுகிறவன் மாதிரி தடவித் தடவிப் போகிறவருக்கு, திருத்த இடம் வேண்டும்.

தோல் நிறம் என்று விற்கிற புட்டியை அவர் வாங்குவதில்லை. பழுப்பு, மஞ்சள் காவி, துளி வெள்ளை, துளியிலும் துளி நீலம். நம்மூர் வெயில் நிறம் வந்துவிடுகிறது. பிறகு பழுப்பு மையைத் தண்ணீராக்கி முகம், வேட்டி எல்லாவற்றின்மேலும் ஓடவிட்டார். நான் பதறிவிட்டேன், நல்ல வெள்ளை வேட்டி அழுக்குத் தண்ணீரில் நனைந்த மாதிரி ஆகிவிட்டது. காயக் காய மை மடிப்புகளில் போய்த் தங்கி, நிழலாக மாறியது. அடுத்து, வெள்ளையில் தோய்த்த பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்து ஏறக்குறைய வறட்டுப் பிரஷாக்கி, மடிப்புகளின் மேடுகளில் மட்டும் லேசாக உரசினார். வேட்டிக்குக் கனம் வந்தது. பெரிய சிலைக்கு வெயிலே நிழல் போட்டுக் கொடுக்கும். நாலு அங்குல ஆளின் மடிப்பில் விழுகிற நிழல் கண்ணுக்குத் தெரியாது. அதை நாம்தான் எழுத வேண்டும். வண்ணம் அடிப்பதில் பாதி வேலை இதுதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

இந்த வித்தையை எங்கே கற்றார்? அலமாரியின் மூலையில் இருந்து ஒரு குட்டிப் போர்வீரனை எடுத்துக் கொடுத்தார். ஓர் அங்குலம் இருக்கும், பிளாஸ்டிக். மகன் இங்கிலாந்திலிருந்து வாங்கி வந்தது. அங்கே நாட்டிங்காம் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற நிறுவனம் 1983 முதல் வார்ஹாமர் என்ற போர் விளையாட்டை விற்கிறது. அதற்கான வீரர்களை வாங்குகிறவர்களே ஒட்டி வண்ணம் அடித்துக்கொள்ள வேண்டும். விளையாடாமல் வண்ணம் மட்டும் அடிக்கிறவர்களும் ஏராளம். 1987 முதல் அதற்கென்றே போட்டி நடத்துகிறார்கள். பொம்மை வீரர்கள் அதற்கு முன்னும் உண்டு. 1893-ல் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே பொள்ளலான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து விளையாடுவதற்கு விதிமுறைப் புத்தகமே எழுதினார். "நான் அந்தச் சண்டையெல்லாம் போடலை. நிழல் எப்படி வருதுன்னு மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்றார் இவர்.

மூன்றாவது பொம்மைக்கு வருவதற்குள் காபி வந்தது. கொண்டு வந்தவர் அவர் மனைவி. நான் அதற்குள் ஒவ்வொரு பொம்மையாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். எல்லாவற்றின் அடியிலும் பென்சிலில் எண்ணும் தேதியும். முதலாவது 17.8.2013. ஓய்வு பெற்ற ஆண்டு. சின்ன வயதிலிருந்தே கை தானாக வரும், பெரிய கஷ்டமெல்லாம் பட்டதில்லை என்று கொஞ்ச நேரம் முன்புதான் சொல்லியிருந்தார். தேதி வரிசையில் முதல் இரண்டு தட்டுகளை அடுக்கிப் பார்த்தேன்.

ஒன்றாம் எண் தபால்காரர், இரண்டு கையும் பைக்குள். இரண்டாவது போர்வை போர்த்திய தாத்தா. மூன்றாவது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் மேஸ்திரி. அடுத்தவர் துண்டுக்குள் கையை விட்டு மாட்டுக்கு விலை பேசுகிறார். அதற்கடுத்தவள் முந்தானைக்குள் குழந்தையை அணைத்திருக்கிறாள். 2013, 2014, 2015, 2016... ஒருவருக்கும் கை தெரியவில்லை! ஏதோ ஒன்றுக்குள், ஏதோ ஒன்றுக்குப் பின்னால். 2018 ஏப்ரல் தேதியிட்ட 83-ஆம் எண், பூக்கட்டும் பெண்மணி. அவளுக்குத்தான் முதன்முதலாகப் பத்து விரலும் விரிந்து தெரிகிறது. நாரும் விரலுக்கிடையில் போகிறது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கை வெளியே வந்துவிட்டது. கும்பிடுகிறார்கள், காசு எண்ணுகிறார்கள், காது குடைகிறார்கள்.

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அலமாரியைப் பார்த்தார். "அட... நான் இதைக் கவனிச்சதே இல்லையே தம்பி."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர் மனைவி, டம்ளரை எடுத்துக்கொண்டே. "கை வராது இவருக்கு. வாசல்ல கால் வச்சா, செஞ்சு உடைச்ச குட்டிக்குட்டிக் கையா குத்தும். பூக்காரிக்கு மட்டும் பதினோரு கை உடைச்சார். நான்தான் பெருக்கினேன், எனக்குத் தெரியாதா?"

கை எப்படி வந்தது என்று அப்புறம்தான் விளக்கினார். இந்த அளவுப் பொம்மைக்கு விரல் ஒரு மில்லிமீட்டர் கனம். வெறும் எம்-சீலில் உருட்டினால் காய்ந்ததும் ஒடியும். கேபிளின் ஒற்றை இழை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐந்து இழைகளை விசிறிபோல வைத்து, அவற்றின்மேல் தோலாக மட்டும் எம்-சீலைப் பூசினால் விரல் தயார். இறுகுவதற்குள் கம்பியோடு சேர்த்து வளைத்துக்கொள்ளலாம். முப்பது வருடத்துக்கு மேல் தொட்ட கேபிள்தான். விரலுக்கு அது ஆகும் என்று தெரிய ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. மேசைமேல் இருந்த மூன்றாவது பொம்மை, அப்போதுதான் கை பொருத்திய ஒரு மிருதங்க வித்வான். வலது கை விரல்கள் தோலின்மேல் விழப்போகிற கணத்தில் நின்றன.

ஒரு பொம்மைக்கு எவ்வளவு நேரம் என்றேன். "மூணு மணி நேரம்" என்றார் யோசிக்காமல். மேசை இழுப்பறையில் நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. தினமும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்று எழுதுகிற, ஆபீஸ் பழக்கம் விடாத நோட்டு. அனுமதி வாங்கி 213-ஆம் எண்ணுக்கான வரிகளைக் கூட்டினேன். 35, 40, 60, 50 என்று பதினோரு நாள். மொத்தம் 580 நிமிடம். ஒன்பது மணி நாற்பது நிமிடம். உட்காராத நாளுக்கும் ஒரு வரி உண்டு. "கல்யாணம்", "கரண்ட் இல்லை", "முதுகு வலி". "செலவே இல்லாத பொழுதுபோக்கு" என்றதும் அப்படித்தான். பூதக்கண்ணாடி விளக்கின் ரசீது 1,850 ரூபாய்க்கு அதே இழுப்பறையில் கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. விருப்பப்பட்டுச் செய்கிறவருக்கு நேரமும் காசும் கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும் முன் ஒரு முகத்தைக் கொடுத்து, கண் எழுதிப் பாருங்கள் என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை எழுதினேன். சுமாராக வந்தது. இரண்டாவது கண் மூக்கைப் பார்த்தது. "முதல் தடவைக்கு மோசமில்லை. அடியில தேதி போடுங்க" என்றார். போட்டேன். மணி ஆறே முக்கால். நோட்டில் அன்றைய வரியில் "75 - விருந்தாளி" என்று எழுதினார்.

பன்னிரண்டு ஆண்டில் 214. மாதத்துக்கு ஒன்றரை. நண்பர் சொன்ன ஐந்நூறைவிட இந்த எண்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கை தானாக வரும் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அலமாரி வேறு சொல்கிறது. கொசப்பேட்டைப் பூக்காரி 150 ரூபாய்க்கு, எந்த வருடம் வாங்கினாலும் அதே கையோடு வருவாள். இந்த அலமாரியில் 2013-க்கும் 2018-க்கும் நடுவில் ஒருவர் கை கற்றுக்கொண்டது தெரிகிறது. எதற்காக மெனக்கெடுகிறார் என்ற என் கேள்விக்கு, முதல் இரண்டு தட்டுகளைப் பார்த்ததே போதுமான பதில்.

நீங்களும் தொடங்கலாம். எம்-சீல் 30 ரூபாய், இரண்டு மெல்லிய பிரஷ் 70, ஐந்து நிறம் 150. கம்பிக்கு வீட்டில் ஏதாவது பழைய ஒயர் இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கை வரவில்லையென்றால் போர்வை போர்த்திவிடுங்கள், தப்பில்லை. அடியில் தேதி போட மட்டும் மறக்க வேண்டாம்.